மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கையெழுத்து

மாவட்ட மருத்துவமனை,
எலும்புப் பிரிவு வராண்டா.
புதன்கிழமை, காலை ஏழரை மணி.

மதிப்பும் அன்பும் மிகுந்த அக்கா ஐலாவுக்கு, உன் ஒரே தம்பி ரெய்னோ பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் முழங்கால் வலி இல்லாமல், மேற்குக் கரை விக்டோரியா மழையில் நனையாமல், சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். என் பையன் நீலோவும் வலது கணுக்காலுக்கு மேலே பூரண சுகம்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே, நீதான் சொன்னாய். போன நன்றியறிதல் பண்டிகைக்கு வான்கோழியை வெட்டிக்கொண்டே, "ரெய்னோ, இனிமே உடம்பு சமாச்சாரம்னா எனக்குப் போன் பண்ணாத. நீ பேசினா தலையும் புரியல, வாலும் புரியல. எழுது. எழுதினாலாவது எங்கயாவது ஒரு முற்றுப்புள்ளி வைப்ப" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். தாள் கிடைக்காததால் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், மறுபக்கத்தில் பச்சைப் பட்டாணி என்று இருந்தால் அது கடிதத்தைச் சேர்ந்ததல்ல. நர்ஸ் டோரின் இதை ஃபாக்ஸில் அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க வந்தது ஒன்றே ஒன்று: நீலோவின் கால் ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போடலாமா, கூடாதா? நீ முப்பத்துநாலு வருஷம் நர்ஸாக இருந்தவள். பத்து மணிக்குள் பதில் அனுப்பு. அதுவரைக்கும்தான் டாக்டர் பொறுப்பாராம். (உன் ஊரில் இப்போது மணி நாலரைதான் என்பது இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்கிறது. பரவாயில்லை, எழுந்திரு.)

நடந்தது சனிக்கிழமை, சௌனாவில் நீராவிக் குளியல் போடும் நாள். மார்ச் பிறந்ததும் சௌனாக் கூரையில் மலையாய்க் கிடக்கும் பனியை மண்வெட்டியால் தள்ளுவதும், தள்ளி முடித்ததும் கூரையிலிருந்து அந்தக் குவியலுக்குள் குதிப்பதும் நம் வீட்டு வழக்கம், அப்பா குதித்தார், நீயும் நானும் குதித்தோம், ஒரு வருஷம் நீ தலைகுப்புறப் போய் இரண்டு காலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருந்தாய், நான்தான் இழுத்துப் போட்டேன், அதற்கு இன்றுவரை நீ நன்றி சொல்லவில்லை. இந்த வருஷம் நீலோ கூரை விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டு, "அப்பா, வேணாம். முந்தாநாள் வெயில்ல உருகி மறுபடி இறுகியிருக்கு, பாருங்க எப்படிப் பளபளங்குது" என்றான். பதினாலு வயசுப் பையன் சொன்னது. ஐம்பத்திரண்டு வயசுக்காரன் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏழடிக்கே நடுங்கறியே, நீ லைனே குடும்பத்துப் பிள்ளைதானா?" என்றேன். சொன்னதோடு நிற்காமல் முன்மாதிரியாக நானே முதலில் குதித்தேன். எனக்கு ஒரு கீறல் இல்லை. நூற்றுப்பத்துக் கிலோவுக்குப் பனி மரியாதையாக வழிவிட்டது. பையன் ஐம்பத்தெட்டுக் கிலோ. வலது பாதம் மட்டும் மேலோட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய் மாட்டிக்கொண்டது, உடம்பு இடப்பக்கமாகத் திரும்பி விழுந்தது, பாதம் திரும்பவில்லை. அவன் கத்தக்கூட இல்லை அக்கா. "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னான்.

எலும்பு முறிஞ்சா சத்தம் கேக்கும், சத்தம் கேக்கல, அதனால இது சுளுக்குத்தான் என்று நான் முடிவு கட்டினேன். சௌனாவும் தாரும் சாராயமும் தீர்க்காத நோய் சாவுக்குத்தான்னு தாத்தா சொல்வாரே, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சௌனாவோ சூடா இருக்கு, பையனோ பக்கத்துல கிடக்கான், வேற என்ன செய்வேன்? தூக்கிக்கிட்டுப் போய் மேல் பலகையில உட்கார வச்சு, கல்லுல தண்ணி ஊத்தி, பிர்ச் மர இலைக் கொத்தால காலுக்கு நல்லா விசிறி, பைன் மரத் தாரையும் தடவினேன். சாராயம் அவனுக்குக் குடுக்கல, நான் அவ்வளவு முட்டாள் இல்ல, அவன் பங்கையும் நானே குடிச்சேன். வெளிய வந்து பார்த்தா கணுக்கால், நம்ம புல்லா இனிப்பு ரொட்டி அடுப்புக்குள்ள உப்புமே அப்படி உப்பிக்கிட்டே போகுது. ஞாயித்துக்கிழமை ஊதா நிறம். "ஊனி நடடா, ரத்தம் ஓடினா சரியாயிடும்"னேன். ரெண்டு அடி வச்சான், முகம் வெளுத்துப் போச்சு, அப்படியே அடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அப்பவும் அடுப்பு சூடா இருக்குடான்னு அதட்டினேனே தவிர எனக்குப் புத்தி வரல.

திங்கட்கிழமை காலையில கூட்டிட்டு வந்தேன். எலும்பு டாக்டர் பேரு மிஷோ, சின்னப் பொண்ணு, நம்ம கதவுக்கெல்லாம் வார்னிஷ் அடிக்க வருமே அந்தப் பொண்ணு வயசுதான் இருக்கும். "சனிக்கிழமையில இருந்து என்ன வைத்தியம் பண்ணினீங்க, மிஸ்டர் லைனே?"ன்னாங்க. "சூடு குடுத்தேன்"னேன். "எவ்வளவு சூடு?" "எண்பது டிகிரி." கண்ணாடியைக் கழட்டி மேசைமேல வச்சாங்க. அப்புறம், "புதுசா அடிபட்ட கால்ல வைக்க வேண்டியது ஐஸ். உங்க பையன் விழுந்ததே ஐஸ்லதான். அங்கேயே விட்டிருந்தாகூட இதைவிட நல்லா இருந்திருக்கும்"னாங்க. நீலோ சிரிச்சான். ரெண்டு நாளா அவன் அப்பத்தான் சிரிச்சான்.

இனிமேதான் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டாப்புல ஆச்சு. கணுக்காலைப் படம் எடுத்தாங்க, சரி. அடுத்து அவனோட இடது கையை எடுத்துப் பலகைமேல விரிச்சு வச்சுப் படம் எடுத்தாங்க. அடி வலது கால்ல, படம் இடது கைக்கு! நான் எந்திரிச்சு, "அம்மா, இது வேற யாரோ பையன், என் பையன் கால் பையன்"னு கத்திட்டேன். வராண்டா பூரா திரும்பிப் பார்த்துச்சு. டாக்டர் மிஷோ வந்து, "கை எலும்பைப் பார்த்தா அவன் வயசு தெரியும்"னாங்க. "வயசு தெரியணும்னா என்னைக் கேக்கக் கூடாதா? பதினாலு வருஷம் ஏழு மாசம், நான்தான் கூடவே இருந்தேன்"னேன். "அது காகிதத்துல இருக்கிற வயசு. எலும்புக்கு வேற கணக்கு"ன்னாங்க. கணக்குப் பார்த்தா அவன் எலும்புக்குப் பதினஞ்சரை வயசாம். ஒரே பையன், ஒரே சட்டை, உள்ள ரெண்டு வயசு. நீங்கல்லாம் நர்ஸ் படிப்புல இதைப் படிச்சீங்களா, இல்ல இப்ப புதுசா வந்ததா?

அதோட விட்டாங்களா, "போன ஒரு வருஷத்துல எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான்?"னு கேட்டாங்க. அது எனக்கு மனப்பாடமா இருக்குமா? சமையலறைக் கதவுச் சட்டத்துல இருக்கு, ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் பென்சிலால கோடு போட்டு வச்சிருக்கேன். தோராயமாச் சொல்லித் தப்பு நடந்துடக் கூடாதேன்னு நாற்பது கிலோமீட்டர் வண்டியை ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய், ஆணி பிடுங்கியால சட்டத்தை நெம்பி எடுத்து, ஏழடிப் பலகையை லிஃப்ட்ல குறுக்கே வச்சுக் கொண்டுவந்தேன். லிஃப்ட் கதவு மூட மாட்டேன்னுச்சு, உள்ள இருந்த ஒரு பாதிரியாருக்கு முட்டியில லேசாப் பட்டுச்சு, அவர் சிலுவைக் குறி போட்டுக்கிட்டார். டோரின்தான் சொன்னாங்க: "அப்பாமார்கள் பலூன் கொண்டு வருவாங்க, சாக்லேட் கொண்டு வருவாங்க. நீங்க வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வரப்போறீங்களா?"

சட்டத்தைக் கட்டில்மேல சாத்தி டாக்டருக்குக் காட்டிக்கிட்டு இருக்கிறப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது, போன வருஷம் சமையலறைத் தரையைப் பேத்துப் புதுசாப் போட்டேனே, அப்ப இந்தச் சட்டத்தைக் கழட்டி முக்கால் அங்குலம் தூக்கி அடிச்சேன். அப்படின்னா வளர்ந்தது பையனா, சட்டமா? முக்கால் அங்குலத்தைக் கூட்டணுமா, கழிக்கணுமா? முப்பது வருஷமா கதவு ஜன்னல் மாட்டறவன் நான், கூட்டலா கழித்தலான்னு தெரியாம முழிக்கிறேன். கட்டில்ல இருந்துகிட்டு நீலோ வேற, "அப்பா, போன தடவை அளந்தப்ப நான் ரெண்டு கம்பளிக் காலுறை போட்டிருந்தேன்"ங்கிறான். "ஏன்டா போட்ட?"ன்னேன். "நீங்க ஒவ்வொரு வருஷமும் அவ்வளவுதானான்னு கேப்பீங்களே, அதான்"னான். டாக்டர் மிஷோ ரொம்பப் பொறுமையா, "கைப் படமே போதும், மிஸ்டர் லைனே. சட்டத்தைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க"ன்னாங்க. அது இப்பவும் என் பக்கத்துலதான் நிக்குது.

முறிவு என்னன்னு அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன், நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு நீ சொல்லு. நம்மள மாதிரி ஆளு கால் மடங்கினா உள்ள இருக்கிற நார் கிழியும், அது சுளுக்கு. இந்த வயசுப் பசங்களுக்கு நார் கெட்டி, எலும்புதான் இளசு, அதனால நார் கிழியாம எலும்போட ஒரு மூலையைப் பிச்சுக்கிட்டு வந்துடுமாம். எந்த மூலைன்னா, முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு இருக்கே, அதோட அடி நுனியில வளர்றதுக்குன்னு ஒரு குருத்துத் தகடு, அது ஒரே நாள்ல மூடாதாம், முதல்ல நடுவுல மூடி, அப்புறம் உள்பக்கம் மூடி, கடைசியாத்தான் வெளிப்பக்கம் மூடுமாம், எல்லாம் மூட ஒன்றரை வருஷம் ஆகுமாம். அந்த ஒன்றரை வருஷத்துக்குள்ள குதிச்சா இந்த மூலை பிய்யும். ஒரு வருஷம் முன்னாடி குதிச்சிருந்தா வேற மாதிரி முறிஞ்சிருக்கும், ஒரு வருஷம் கழிச்சுக் குதிச்சிருந்தா மூலை பிஞ்சிருக்காது. நான் பார்த்துப் பார்த்து இந்த மார்ச்சுலதான் குதிக்கச் சொல்லியிருக்கேன்.

ஸ்கேன்ல இடைவெளி நாலு மில்லிமீட்டர். நேத்து அவனைத் தூங்க வச்சுப் பாதத்தை உள்பக்கமாத் திருப்பி அழுத்திக் கட்டுப் போட்டாங்க, மறுபடி ஸ்கேன், மூணு மில்லிமீட்டர். ரெண்டுக்குள்ள வந்தா கட்டோட விட்டுடலாமாம், அதுக்கு மேலேன்னா திறந்து திருகாணி போடணுமாம். ஒரே ஒரு மில்லிமீட்டர் அக்கா! என் பென்சில் கோடே அவ்வளவு தடிமன் இருக்கும். "டாக்டரம்மா, மூணு மில்லிமீட்டர்னா நான் பட்டி பூசித் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன், எந்த வீட்டுக்காரரும் கண்டுபிடிச்சது இல்ல"ன்னேன். அவங்க, "சுவர் நடக்காது, மிஸ்டர் லைனே. இவன் இன்னும் எழுபது வருஷம் இந்த மூட்டுமேல நடக்கணும். மூட்டுப் பரப்புல படிக்கட்டு விழுந்தா முப்பது வயசுல தேய ஆரம்பிச்சுடும்"னாங்க. சரி, திருகாணி அந்தக் குருத்துத் தகட்டைக் குறுக்கே துளைச்சா வளர்ச்சி நின்னு கால் குட்டையாயிடாதான்னு கேட்டேன். (இதைக் கேட்டதுக்கு நீ என்னை மெச்சணும்.) "இன்னும் சின்னப் பையனா இருந்தா அந்தப் பயம் இருக்கும். இவனுக்கு வளர வேண்டியது கிட்டத்தட்ட முடிஞ்சுது. பெரிய வித்தியாசம் வராது, வருதான்னு நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம்"னாங்க.

முடிஞ்சுதாம். எப்ப முடிஞ்சுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா. நேத்துவரைக்கும் பால் வாங்கி வச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்.

ஒரு சின்ன வெட்டு, ஒரு திருகாணி, முக்கால் மணி நேரம், ஆறு வாரம் கால் ஊனக் கூடாது, கக்கத்துல கட்டை. அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாங்க. நீலோ அவங்க குடுத்த தாளையெல்லாம் எழுத்து விடாம படிச்சுட்டு, எத்தனை நாள்ல கட்டுப் பிரிப்பீங்க, திருகாணியைத் திரும்ப எடுப்பீங்களான்னு அவனே கேட்டுக்கிட்டு இருக்கான். நான்தான், "எங்க அக்காவைக் கேக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல"ன்னு சொல்லிட்டு வராண்டாவுக்கு வந்துட்டேன். நாள் தள்ளிப்போனா எலும்பு கோணலா ஒட்ட ஆரம்பிச்சுடும், அப்புறம் வேலை பெருசாயிடும்னு டாக்டர் பின்னாடியே வந்து சொன்னாங்க. அதுவும் புரியுது, இதுவும் புரியுது, ரெண்டும் சேர்ந்தா ஒண்ணும் புரியல.

நிஜத்தைச் சொல்லிடறேன். நீ எப்படியும் கண்டுபிடிச்சுடுவ. எனக்குத் திருகாணியும் பயமில்ல, குருத்துத் தகடும் பயமில்ல. நீலோ அம்மா லீசா மூளையில ரத்தம் கசிஞ்சு பேச்சு மூச்சு இல்லாம கிடந்தப்ப இதே மாதிரி ஒரு அட்டையில தாளைச் செருகி என்கிட்டத்தான் நீட்டினாங்க. நான்தான் போட்டேன். உள்ள போனவ வெளிய வரல. டாக்டர்மேல தப்பு இல்ல, என்மேலயும் தப்பு இல்ல, கையெழுத்துப் போடலன்னாலும் அவ பிழைச்சிருக்க மாட்டான்னு நீ இந்த நாலு வருஷத்துல நூறு தடவை சொல்லிட்ட. எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே. இன்னைக்குக் காலையில டோரின் தாளைக் குடுத்ததும் பேனா எழுதலைன்னேன். வேற பேனா குடுத்தாங்க, அதுவும் எழுதலைன்னேன். மூணாவது பேனாலதான் இப்ப உனக்கு அஞ்சாவது தாள் எழுதிக்கிட்டு இருக்கேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. பயமா இருக்கு அக்கா. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான், அவனையும் நான்தான் குதிக்கச் சொன்னேன், இப்ப நானே கையெழுத்தும் போடணுமா?

இதோ டோரின் வந்து தோளைத் தொடறாங்க, நீலோ கூப்பிடறானாம். எங்க அக்காவுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன், இந்தத் தாளை முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்.

ஆகவே அன்புள்ள அக்கா, மேற்படி விஷயங்களைத் தீர ஆலோசித்து, போடு என்றோ போடாதே என்றோ ஒரே சொல்லில், பெரிய எழுத்தில் பதில் அனுப்பவும். அத்தானுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நல்ல முழங்கால்களையும் நீண்ட ஆயுளையும் அருள்வாராக. நீ போட்ட சண்டையெல்லாம் மன்னித்தேன், நான் போட்டதையும் நீயே மன்னித்துக்கொள்.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
ரெய்னோ லைனே.

பின்குறிப்பு, பகல் பன்னிரண்டேகால்: மேலே கேட்ட எதற்கும் பதில் எழுதாதே. ஆபரேஷன் முடிந்துவிட்டது.

நான் தாளை முடிச்சுட்டு உள்ள போறேன், கட்டில் காலி. "என் பையன் எங்க?"ன்னு டோரினைப் பிடிச்சுக்கிட்டேன். "ஆபரேஷன் தியேட்டர்ல. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டான்"னாங்க. "நான் கையெழுத்தே போடலையே!" "அவன் போட்டுட்டான்." இந்த மாகாணத்துல தன் வைத்தியத்துக்குத் தானே சம்மதம் சொல்ல வயசு வரம்பு இல்லையாம் அக்கா, என்ன செய்யப்போறாங்க, செஞ்சா என்ன, செய்யலன்னா என்னன்னு புரிஞ்சா போதுமாம். டாக்டர் மிஷோ கட்டில் பக்கத்துல உட்கார்ந்து அரை மணி நேரம் அவனைக் கேள்வி கேட்டிருக்காங்க. எல்லாத்துக்கும் சரியாச் சொல்லியிருக்கான். "அப்பா வரட்டுமே, கொஞ்சம் காத்திருப்போமா?"ன்னு கேட்டதுக்கு, "வேணாம். எங்கம்மாவுக்கு அவர்தான் போட்டார். அவர்கிட்ட இன்னொரு தடவை அந்தத் தாளை நீட்டாதீங்க"ன்னானாம். நான் ஒரு நாள்கூட அவன்கிட்ட அதைப் பத்திப் பேசினது இல்ல.

நல்லா இருக்கான். முழிச்சதும் பசிக்குதுன்னான், பச்சைப் பட்டாணியைத் தவிர எல்லாத்தையும் சாப்பிட்டான், இப்பத் தூங்கறான். டோரின் அந்தத் தாளோட நகல் ஒண்ணை எனக்குக் குடுத்தாங்க. அடியில அவன் பேரு, கோணல் மாணலா. அதுக்குக் கீழே, கையெழுத்திட்டவர் நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம். அதுல, "நானேதான்"னு எழுதியிருக்கான்.